பிளெம் சொன்ன எறும்புக் கதை

பிளெம்மின் கைப்பேசி வீட்டில் இருந்ததே இல்லை. சேசான் ஆற்றை ஒட்டிய அந்தப் பள்ளத்தில் சிக்னல் கிடைக்காது. அதனால் ஊருக்கு மேலே சரிவில் நிற்கும் முந்திரி மரத்தில், பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். மணி அடித்தால் காதில் விழ வேண்டும் என்பதற்காகவே பகலில் பாதி நேரம் அந்தச் சரிவில் களை பிடுங்கினாள். களை தீர்ந்த பிறகும் அங்கேயே கிடந்தாள்.

"உனக்குப் புருஷன் நானா, அந்த மரமா?" என்பான் அவள் கணவன் சவெங்.

"மரம் சோறு கேக்காது" என்பாள் அவள்.

அவள் காத்திருந்தது தம்பி ஹியாத்தின் குரலுக்கு. அவர்கள் ஜராய் இனம்; அதில் ஆண்கள் கல்யாணம் ஆனால் பெண்டாட்டி வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஹியாத்தின் பெண்டாட்டி வீடு எல்லைக்கு அந்தப் பக்கம், வியட்நாமில் இருந்தது. போன இடத்தில், இதே ஆற்றின் மேல்பகுதியில் உள்ள அணையில் வேலை கிடைத்தது. மதகுச் சங்கிலிகளுக்கு மசகு போடும் வேலை. மதகைத் திறக்கப் போகிறார்கள் என்று அங்கே பேச்சு அடிபட்டால் போதும், ஒதுக்குப்புறமாகப் போய் அக்காவைக் கூப்பிடுவான்.

"அக்கா, எருமைய மேல ஏத்து."

அவ்வளவுதான். வைத்துவிடுவான். பிளெம் களைக்கொட்டைப் போட்டுவிட்டு இறங்கி ஓடுவாள். மணல் திட்டில் விளையாடும் பிள்ளைகள், படகுகள், வலைகள், கரையில் கட்டிய மாடுகள் எல்லாம் மேட்டுக்கு ஏறும். அரசாங்க அறிவிப்பும் வரும், வராமல் இல்லை. அது அணையிலிருந்து அவர்கள் தலைநகரத்துக்குப் போய், அங்கிருந்து எல்லைக்கு இந்தப் பக்கத் தலைநகரத்துக்கு வந்து, மாகாணம், மாவட்டம் என்று ஒவ்வொரு மேசையாக உட்கார்ந்து எழுந்து வர வேண்டும். ஒருமுறை அது வந்து சேர்ந்தபோது ஊர்க்காரர்கள் பானைகளில் இருந்த வண்டலைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் ஹியாத் சொன்ன பிறகும் சில நாள் மதகு திறக்காது. மேலே யாரோ மனசை மாற்றியிருப்பார்கள். அன்றைக்கு மூட்டை முடிச்சோடு மேட்டில் உட்கார்ந்திருக்கும் சனம் வறண்ட மணலைப் பார்க்கும், பிறகு பிளெம்மைப் பார்க்கும்.

"ஏன் பிளெம், எங்க எலும்பு ஒடியணும்னு ஏதாவது வேண்டுதலா?"

அவள் தன் பானையைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக இறங்குவாள்.

ஒரு கோடையில் இரண்டு நாட்டு அதிகாரிகளும் சேர்ந்து ஆற்றைப் பார்க்க வந்தார்கள். ஊர் நடுவில் பாய் விரித்துக் கூட்டம். வட்டார அலுவலகத்தில் வேலை பார்க்கும் கிம்சான் நல்ல பையன். ஊருக்கு நல்ல பெயர் வாங்கித் தர வேண்டும் என்ற ஆசையில் எழுந்து நின்றான்.

"இந்த ஊர்ல ஒரு கோழிக்குஞ்சுகூட ஆத்தோட போனதில்லீங்க. நோட்டீஸ் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே பிளெம் அக்கா எல்லாரையும் மேட்டுக்கு ஏத்திடும்."

அணைப் பக்கத்திலிருந்து வந்திருந்த பொறியாளர் தொவான், நரைத்த தலையை நிமிர்த்தினார்.

"எங்க நோட்டீஸுக்கு முன்னாடியா? எப்படி?"

கிம்சான் வாயைத் திறந்தான், மூடினான். கூட்டம் முழுக்க ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தது. தம்பிக்கு வேலை போகும் என்பதோடு நிற்காது, அணை ரகசியத்தை வேறு நாட்டுக்குச் சொன்னான் என்று உள்ளே தள்ளிவிடுவார்கள் என்று பிளெம் பயந்தாள். காலையில் அரிசிப் பானையிலிருந்து எறும்பைத் தட்டிவிட்டது ஞாபகம் வந்தது.

"எறும்புங்க" என்றாள். "முட்டையத் தூக்கிக்கிட்டு மேட்டுக்குப் போவும். பாத்தா தெரிஞ்சிடும்."

சவெங் இருமல் வந்தவன்போல வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போனான். தொவான் நோட்டை மூடி வைத்தார். அவர்களோடு வந்திருந்த தொண்டு நிறுவனத்துப் பெண்ணுக்கு மட்டும் முகம் மலர்ந்துவிட்டது.

அதோடு போயிருந்தால் சரி. போகவில்லை. எறும்பைப் பார்க்க ஆள் மேல் ஆள் வந்தார்கள். புற்றைப் படம் பிடித்தார்கள், எறும்பைக் குப்பியில் அடைத்தார்கள். கறுப்பு எறும்பு என்று ஒரு குழுவிடம் சொன்னவள், அடுத்த குழுவிடம் வாய் தவறிச் சிவப்பு என்றாள். கேட்டதற்கு, மழைக்காலத்தில் சிவப்பு என்று ஒட்டுப்போட்டாள். ஒவ்வொரு தடவையும் சொன்ன பொய்யை ஞாபகம் வைத்துக்கொள்வது பானை சுமப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஊரில் அவளுக்கு எறும்பு டீச்சர் என்று பெயர் வந்தது.

ஹியாத் ஒருநாள் கூப்பிட்டான். "அக்கா, எங்க ஆபீஸ்ல கூட உன் எறும்பப் பத்திதான் பேச்சு. சிரிப்ப அடக்க முடியல. மூத்திரம் போறேன்னு சொல்லிட்டு வெளிய ஓடியாந்துட்டேன்."

"சிரி. நல்லா சிரி. இங்க நான் நாக்கு வறண்டு கெடக்கேன்."

பிறகு பான்லுங் நகரத்தில் மீட்டிங் என்றார்கள். ஆற்றோரத்து ஊர்களிலிருந்தெல்லாம் பெண்கள் வந்திருந்தார்கள். பிளெம்மை மேடையில் ஏற்றி எறும்பைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சுருக்கமாகப் பேசிவிட்டு இறங்கியபோது, கீழ் ஊர்க்காரி லாங் என்ற இளம்பெண் வழி மறித்தாள்.

"அக்கா, தொண்டு நிறுவனத்துக்காரங்க எங்க ஊருக்கும் வந்து இத சொல்லிக் குடுத்தாங்க. நாங்களும் பாத்தோம். எறும்பு அசையவே இல்ல. எங்க மாமா வலை எடுக்க எறங்கினாரு. தண்ணி அடிச்சிட்டுப் போயி, மரத்தப் புடிச்சிக்கிட்டு ராத்திரி பூரா தொங்கியிருக்காரு. இப்ப ஆத்துப் பக்கம் கூப்பிட்டாலே நடுங்குறாரு. எங்களுக்குப் பாக்கத் தெரியலையா, இல்ல எங்க ஊரு எறும்பே வேறயா?"

பிளெம் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி அருகே போனாள்.

"எறும்ப விடு. உன் நம்பரச் சொல்லு. எனக்குச் சேதி வந்தா உன்னக் கூப்பிடுறேன்."

லாங்குக்குப் புரிந்தது.

"அப்ப எல்லாம் பொய்யா?"

"என் தம்பி பொழப்பு, லாங். அவன் அணையில இருக்கான்."

"எங்க மாமா உசுரு?"

பிளெம் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். லாங் முகத்தைத் திருப்பிக்கொண்டு நம்பரைச் சொன்னாள். பிறகு அவளே போய் மற்ற ஊர்ப் பெண்களையும் ஒவ்வொருவராக அங்கே அனுப்பினாள்.

சாப்பாட்டு நேரத்தில் பிளெம் வெளிப்படியில் உட்கார்ந்திருந்தாள். தொவான் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அணையில் வேலை பார்க்கும் ஜராய்களிடம் பொறுக்கிய அரைகுறை ஜராய் பேச்சு அவருக்கு வரும்.

"உங்க எறும்புக்கு வாரத்துல லீவு உண்டா?" என்று கேட்டார்.

பிளெம் சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள்.

"போன மாசம் எறும்பு ஓடிச்சு. நான் மதகு தொறக்கல. ஊரெல்லாம் வெயில்ல மேட்டுல ஒக்காந்திருந்தீங்களாம். நான் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஓடுற எறும்பால எனக்கும் ஆபத்து, எறும்புக்கும் ஆபத்து."

"ஐயா..."

"கையெழுத்துப் போட்ட பின்னாடி ஓடட்டும். நான் அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன்."

"அதுக்குள்ள எங்க ஊருக்குத் தண்ணி வந்துடுமே, ஐயா."

"கொஞ்சம் நேரம் இருக்கும்."

"கொஞ்சம்னா?"

"ஓடுற அளவு." தட்டிலிருந்த மீனை ஓரமாக ஒதுக்கினார். "எங்கிட்டயே கடைசியிலதாம்மா சொல்றாங்க. நகரத்துல கரண்ட் வேணும்னா தொற, வேணாம்னா மூடு. நானும் ஓடிக்கிட்டுதான் இருக்கேன்."

எழுந்து போய்விட்டார். அவர் நல்லவரா கெட்டவரா என்று யோசிக்கக்கூட அவளுக்கு அலுப்பாக இருந்தது. ஊர் திரும்பியதும் ஹியாத்தைக் கூப்பிட்டு, இனிமேல் கையெழுத்து விழுந்த பிறகு மட்டும் சொல்லு என்றாள்.

அடுத்த மழைக்காலத்தில் ஹியாத் கூப்பிட்டபோது அவன் குரலே மாறியிருந்தது. "அக்கா, தொறந்தாச்சு. ஓடு." பிளெம் ஓட முடியவில்லை, கீழ் ஊர்களுக்கெல்லாம் சொல்ல வேண்டியிருந்தது. சரிவிலிருந்தே சவெங்கைக் கத்திக் கூப்பிட்டாள். அவன் வெண்கலத் தட்டை அடித்துக்கொண்டு ஊருக்குள் ஓடினான். அவள் மரத்தடியில் நின்று ஒவ்வொரு நம்பராகப் போட்டாள். சிலர் எடுத்தார்கள். எடுக்காதவர்களுக்குத் திரும்பத் திரும்பப் போட்டாள். அங்கே நின்றபடியே தன் மிளகாய்த் தோட்டத்துக்குள் தண்ணீர் நுழைவதைப் பார்த்தாள். வேலி போனது, பன்றிக் கொட்டில் போனது, உள்ளே இருந்த தாய்ப்பன்றியும் போனது.

ஆள் யாரும் போகவில்லை. ஆனால் யாருக்கும் சந்தோஷம் இல்லை.

"முன்னெல்லாம் சட்டி பானைய எடுக்க நேரம் இருந்துச்சு" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "இப்ப உசுரு மட்டும்தான் மிஞ்சுது. உன் தம்பிக்கு என்ன வந்துச்சு?"

பிளெம் விளக்கப் போனாள், பாதியில் விட்டுவிட்டாள்.

சாயங்காலம் லாங் கூப்பிட்டாள். "எல்லாரும் மேல இருக்கோம். மாமாவும்" என்று மட்டும் சொன்னாள். வைப்பதற்கு முன்னால், "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்ததால் பிளெம் "ஆச்சு" என்றாள்.

தண்ணீர் வடிந்ததும் கரைத் தோட்டத்தை அவள் திரும்பப் போடவில்லை. சரிவில் கொஞ்ச இடத்தைக் கொத்தி மரவள்ளி நட்டார்கள். கல் மண், ஆற்று வண்டலின் ருசி அதற்கு வராது. நட்டு முடித்த அன்று பகலில் அவள் மண்வெட்டி மேலேயே கண் சொருகுவதைச் சவெங் பார்த்தான்.

"எழுந்திரு. வீட்டுக்குப் போய்ப் படு."

"போன் அடிச்சா?"

"எனக்கும் காது இருக்கு. எனக்கும் வாய் இருக்கு. யார் யாருக்குப் போடணும்னு சொல்லிட்டுப் போ."

அவள் பெயர்களைச் சொன்னாள். அவன் ஒவ்வொன்றாகத் திரும்பச் சொன்னான். ஒன்றைத் தப்பாகச் சொன்னான், திருத்தினாள். பிறகு இறங்கிப் போய், கால் மண்ணைக்கூடக் கழுவாமல் பாயில் சாய்ந்தாள். பக்கத்து வீட்டில் நெல் குத்தும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது அவளுக்குத் தெரியாது.