அரிசி டின்னில் போன காது

கோயில் வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு, பல்லில் கடித்திருந்த வயரைக் கைக்கு மாற்றிக்கொண்டே இறங்குகிறார் பாஸ்கல். மைக்கை எடுத்து இரண்டு தட்டுத் தட்டுகிறார். மற்ற மைக்செட்காரர்களைப் போல 'ஹலோ ஹலோ' என்பதில்லை, ஒன்று இரண்டு எண்ணுவதும் இல்லை. "ரோசலின், இன்னைக்கு என்ன வெஞ்சனம்?" என்று கேட்கிறார். குழாய் அதை எரியோடு ஊருக்குப் போகிற ரோடு வரைக்கும் கொண்டுபோகிறது. எதிர் வீட்டிலிருந்து அவர் மனைவி ரோசலின் வாசலுக்கு வந்து, "கத்தரிக்காயும் கருவாடும்!" என்று கத்துகிறார். செட் சரியாக இருக்கிறது என்று பாஸ்கலுக்குத் திருப்தி. கருவாடு யார் வீட்டில் என்று ஊருக்கும் தெரிந்துபோகிறது.

ரோசலினுக்குக் காது மந்தமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. குழாய் போட்டால்தான் கேட்கும். வீட்டுக்குள் கொஞ்சம் சத்தமாகப் பேசினால் என்ன என்று பாஸ்கலிடம் ஒருநாள் கேட்டேன். "பொண்டாட்டிகிட்டக் கத்துனா அக்கம்பக்கத்துல என்ன நெனைப்பாக?" என்றார். குழாயில் கேட்டால் அக்கம்பக்கம் ஒன்றும் நினைக்காது என்பது அவர் கட்சி.

ஒல்லியான ஆள். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் டெஸ்டர், கருப்பு டேப். வயரைக் கட்டைவிரலுக்கும் முழங்கைக்கும் இடையே சுற்றிச் சுற்றி, இப்போது கையில் எதுவும் இல்லாதபோதும் அந்தக் கை சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். எங்கள் ஊரில் அவர் ஒரு சட்டமும்கூட. அதற்குக் காரணம் ஆன்டெனாக் காடு.

ஊருக்கு மேற்கே தரிசாகக் கிடந்த நிலத்தில் பெரிய பெரிய ஆன்டெனாக்களை வானத்தைப் பார்க்க மல்லாத்தி வைத்திருக்கிறார்கள். நட்சத்திரங்களிலிருந்து வரும் ரேடியோ அலைகளைக் கேட்கும் இடம். நம் செல்போனும் வைஃபையும் பக்கத்தில் இரைந்தால் அதற்கு வானம் கேட்காதாம். ஆகவே ஊர் எல்லைக்குள் டவர் கிடையாது, புளூடூத் கிடையாது, வயரில்லாத மைக்கும் கிடையாது. வீட்டுக்கு வீடு வயர் போன்தான். இளவட்டங்கள் முணுமுணுத்தார்கள். பாஸ்கலுக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்தது. திண்டுக்கல்லிலிருந்து கார்ட்லெஸ் மைக்கோடு வந்து அவர் பிழைப்பைக் கெடுத்தவர்கள் எல்லோரும் எல்லைக்கு அப்பால் நின்றுவிட்டார்கள்.

அந்த நன்றியில் அவராகவே காவலுக்கு நின்றார். மாப்பிள்ளைத் தோழனின் புளூடூத் ஸ்பீக்கரைக் கல்யாண வீட்டிலேயே பிடுங்கி வைத்தார். "மேலேருந்து வாரது கொசு முனகுறத விடக் கம்மிச் சத்தமாம் அப்பு. நாம இங்கன கூத்தடிச்சா அதுக்கு எப்படிக் கேக்கும்?" என்பார். பங்குச்சாமியாரின் சட்டைக் காலர் மைக்கையும் விடவில்லை. வயர் மைக்கின் நீளத்துக்குமேல் சாமியார் நடக்க முடியாமல் பிரசங்கம் பாதியாகக் குறைந்தது. அதற்காகவே பாஸ்கலுக்கு ஒரு பூசை வைக்கலாம் என்றார்கள் ஊரில்.

இப்படிப்பட்டவர் வீட்டில்தான் அது நடந்தது. ஈஸ்டருக்கு வந்த மகள் ரீனா அம்மாவின் காதுகளில் காது கேட்கும் புது மிஷின் இரண்டை மாட்டிவிட்டுப் போனாள். ரோசலினுக்கு உலகம் திரும்பக் கிடைத்தது. குக்கர் விசில் கேட்டது, குருவி கேட்டது. குழாயையும் முதல்முறையாக முழுசாகக் கேட்டுவிட்டு, "இம்புட்டுச் சத்தமாவா என் கொழம்ப ஊருக்கெல்லாம் சொன்னீங்க?" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

அந்தோணியார் திருவிழாவுக்கு முந்தின வாரம் ஆன்டெனாக் காட்டு ஜீப் வந்தது. ஊருக்குள் எங்கோ ஒரு புது இரைச்சல் கிளம்புகிறது என்று தேடிக்கொண்டு, மீன்முள் போன்ற ஏரியலைக் கையில் பிடித்தபடி இன்ஜினீயர் மலர்விழி தெருத்தெருவாக வந்தார். அவர் கையிலிருந்த பெட்டி பாஸ்கல் வீட்டு வாசலில் கத்தியது. பாஸ்கலுக்குப் புரிந்துவிட்டது. அவரே பிடுங்கி வைத்த புளூடூத் ஸ்பீக்கரின் ஜாதிதான் ரோசலின் காதில் இருப்பதும். உள்ளே ஓடி மிஷின்களைக் கழற்றி, தகர அரிசி டின்னுக்குள் போட்டு மூடிவிட்டார். தகரம் அலையை வெளியே விடவில்லை, பெட்டி அடங்கிப்போனது. மலர்விழி குழப்பத்தோடு திரும்பிப் போனார்.

அன்று முழுதும் ரோசலின் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அத எங்க வச்சீங்க?" பாஸ்கல் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிட்டார். ஊரை அடக்கியவருக்குத் தன் வீட்டுக் குற்றத்தை மறைக்க முடியவில்லை. சொன்னாலோ மனைவிக்குக் காது போய்விடும்.

மறுநாள் காலை டி.வி.எஸ். வண்டியில் முன்னால் அரிசி டின், பின்னால் ரோசலின். அரிசியோடு எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்டேன். "மிஷின வெளிய எடுத்தா வழியெல்லாம் கத்தும்ல. ஆன்டெனாக் காட்டு ஆபீசுக்குப் போறேன்," என்றார். வேடிக்கை பார்க்காமல் இருக்க முடியுமா? நானும் பின்னாலேயே போனேன்.

மலர்விழியின் மேசைமேல் டின்னை வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார் பாஸ்கல். "தாயி, குத்தம் என்னுது. என் மைக்செட்ட வேணா எடுத்துக்கங்க. அவ காத மட்டும் எடுத்துராதீங்க."

மலர்விழி டின்னுக்குள் கைவிட்டு, அரிசியைத் துழாவி மிஷின்களை எடுத்தார். பெட்டி கத்தியது. ஒவ்வொன்றிலும் இருந்த சின்னப் பொத்தானைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தார். பெட்டி அடங்கியது.

"இதுல ரெண்டு வேல இருக்குண்ணே. சத்தத்தப் பெருசாக்குறது ஒண்ணு, செல்போனோட பேசுறது இன்னொண்ணு. எங்களுக்கு இடைஞ்சல் ரெண்டாவதுதான். அத அணைச்சாச்சு. அக்காவுக்கு நல்லாவே கேக்கும்," என்று சொல்லி ரோசலின் காதுகளில் அவரே மாட்டிவிட்டார்.

"அம்புட்டுத்தானா?" என்றார் பாஸ்கல். பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அம்புட்டுத்தானாம்," என்று அவருக்குப் பதில் சொன்னவர் ரோசலின்.

கொடியேற்றத்தன்று வழக்கம்போல் வேப்பமரத்தில் குழாய் ஏறியது. இன்றைக்கு அந்த வீட்டில் என்ன குழம்பு என்று தெரிந்துகொள்ளத் தெருவே காத்திருந்தது. எதிர் வாசலில் ரோசலின் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தார். மைக்கை வாய்வரை கொண்டுபோன பாஸ்கல் ஏதோ நினைத்துக்கொண்டு ஆம்ப்ளிஃபையரை அணைத்தார். பிறகு பக்கத்தில் நிற்பவரிடம் பேசுகிற குரலில், "ரோசலின், இன்னைக்கு என்ன வெஞ்சனம்?" என்றார்.

ரோசலின் திரும்பவில்லை. கையிலிருந்த முருங்கைக்காயைத் தோளுக்குமேல் தூக்கிக் காட்டினார்.