ஓடிப்போன இடது கால்

காஸிமிர் டுடெக்கிடம் யாராவது நின்று பேசினால் அவர் கண்ணைப் பார்க்க மாட்டார். காதையும் மூக்கையும் தாடையையும் அளந்துகொண்டிருப்பார். மில்வாக்கி மாலைப் பத்திரிகை ஒன்றின் விளையாட்டுப் பக்கத்துக்கு முப்பது வருடமாகக் கேலிச்சித்திரம் போடுகிறவர். அவர் மனைவி ஹெட்விக் தன்னை வரைய ஒருநாளும் விட்டதில்லை. விவரமான பெண்மணி.

ஊரே கொண்டாடும் பேஸ்பால் மட்டையாளர் எமெட் ஹாலரனின் மூக்கை டுடெக் பன்னிரண்டு வருடமாகக் கத்தரிக்காயாக்கி வந்தார். ஹாலரன் விழுந்து விழுந்து சிரிப்பார். படங்களுக்குச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டுவார்.

1954 மே மாதம் ஒரு பந்து ஹாலரனின் நெற்றிப்பொட்டில் அடித்தது. மூன்று வாரத்தில் திரும்பி வந்தார். அரங்கமே எழுந்து கை தட்டியது. டுடெக் தட்டவில்லை, கையில் பென்சில் இருந்தது. பந்து கிளம்பியதும் ஹாலரனின் இடது கால், ஒரு சாண்கூட இருக்காது, பயந்து விலகியதை அவர் பார்த்துவிட்டார். மறுநாள் பத்திரிகையில் ஹாலரன் மட்டையோடு வீராப்பாக நிற்க, இடது கால் மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேற ஓடியது. ஊர் வயிறு வலிக்கச் சிரித்தது.

வெளியூர் அணிகள் அந்தப் படத்தை வெட்டி உடைமாற்றும் அறையில் ஒட்டிக்கொண்டன. அதன்பின் பந்து எறிகிற எல்லாப் பிட்சருக்கும் ஒரே கணக்குதான். முதல் பந்து காதோரம், அடுத்ததெல்லாம் எட்டாத பக்கம். விலகி நிற்கிறவர் மட்டைக்கு அது எங்கே எட்டும்? ஜூலைக்குள் ஹாலரன் அடிக்கவே மறந்தவர் போலானார். டுடெக்குக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒரு காலை ஹாலரனே அலுவலகத்துக்கு வந்து நின்றார்.

"ஏன்யா, நெஜமாவே என் காலு ஓடுச்சா?"

"ஓடுச்சு எமெட். பாக்காததை நான் போடறதில்ல."

"எனக்கே தெரியாதுய்யா அது! சரி, இன்னொண்ணு போடு. காலை நல்லா ஊணி நிக்கிற மாதிரி. பொய்யாத்தான் போடேன். அதையும் அவனுங்க வெட்டி ஒட்டட்டும்."

செய்த பாவத்துக்கு வேறு பரிகாரம் தெரியாமல் டுடெக் முதல் தடவையாகப் பொய் வரைந்தார். கால் ஊன்றியது. அதற்கேற்ப இடுப்பு நிமிர்ந்தது, தோள் நிமிர்ந்தது, மூக்குகூட அடக்கமாக உட்கார்ந்துகொண்டது.

ஹாலரன் படத்தைத் தூரப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கான். யாருய்யா இவன்?"

டுடெக் பென்சிலைக் கீழே வைத்தார்.

"விடு. இதைப் போட வேணாம். சாயங்காலம் மேனேஜர்கிட்ட சொல்லிடறேன், இனி ஆடலைன்னு." படத்தை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுத் தொப்பியை எடுத்தார். கதவு வரை போனவர் திரும்பினார். முகத்தில் கோபமே இல்லை.

"பன்னெண்டு வருஷப் பழக்கம். ஊருக்குச் சொல்றதுக்கு முன்னாடி என் காதுல சொல்லியிருக்கலாமேய்யா."

அந்த யோசனை டுடெக்குக்கு அதுவரை வந்ததே இல்லை.