மழையில் ஒட்டிய சைப்ரஸ்

"கிடாரு வெயிட்டா இருக்கக் கூடாதுக்கா. பட்டைய மாட்டிகினு நின்னா தோளு வலி உசுரு போவுது," என்றார் கடப்பாக்கத்து வேன் டிரைவர். ஞாயிறுதோறும் சர்ச்சில் நின்றபடி கிடார் வாசிப்பவர். விபத்தில் அடிபட்ட தோள். ஈட்டி மரத்தில்தான் கிடார் செய்து தர வேண்டுமென்று என்னிடம் வந்தவரின் கையில், எடை குறைந்த சைப்ரஸ் மரப் பலகையைக் கொடுத்துத் தட்டச் சொன்னேன். டங்கென்று தெளிவாகக் கேட்டது. "இன்னாக்கா, அப்பளம் மாரி கீது!" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

படூரில் என் பட்டறைக்கு ஏசி போட்டிருப்பது எனக்காக அல்ல, கடற்காற்றின் ஈரத்தை விரட்ட. கிடாரின் முதுகுப் பலகையில் குறுக்குச் சட்டங்களை ஒட்டும்போது மரம் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தில் உப்பிய பலகையை ஒட்டினால், பின்னால் காயும்போது சுருங்க வழியில்லாமல் பிளந்துவிடும். இதெல்லாம் தெரிந்த நான்தான், புயல் மழையில் இரண்டு நாள் கரண்ட் இல்லாதபோது, கிறிஸ்துமஸுக்குத் தருவதாகச் சொல்லிவிட்டோமே என்று அவருடைய கிடாரின் முதுகை ஒட்டினேன். ஈரம் காட்டும் மீட்டரைப் பார்க்கவேயில்லை. பார்த்தால் நிறுத்த வேண்டியிருக்கும்.

சொன்னபடி கிறிஸ்துமஸுக்குக் கொடுத்தும்விட்டேன். அதன்பிறகு அவர் ஃபோன் செய்தால், கிடாருக்கு என்ன ஆச்சோ என்றுதான் எடுப்பேன். கடலோர ஈரக் காற்றில் இருந்தவரை கிடாருக்கு ஒன்றும் ஆகவில்லை. கோடையில் கூப்பிட்டார். ஓ.எம்.ஆரில் ஒரு கல்லூரியில் பாட்டுப் போட்டியாம், நான் வந்தே ஆக வேண்டுமாம்.

"ஏசி ஹாலா தம்பி?"

"சூப்பர் ஏசிக்கா. ரெண்டு நாளா அங்கதான் ரிகர்சல்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டுவிட்டு ஃபோனை வைத்தேன்.

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். பாட்டு காதில் ஏறவேயில்லை, பலகையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டாவது பாட்டின் நடுவே 'டக்'. ஒரு கணம் தடுமாறி, அவர் தொடர்ந்து வாசித்தார்.

வெளியே வந்து கிடாரைத் திருப்பி என் கையில் கொடுத்தார். முதுகில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல்.

"மன்னிச்சிக்கக்கா. வர்ற வழில வேன்லயே வெயில்ல வெச்சிட்டேன். இவ்ளோ நல்ல மரத்த நாஸ்தி பண்ட்டேன்."

தப்பித்தோம் என்று மனசு ஒரு நொடி குதித்தது. அந்த நொடியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னைக் கண்டே பயம்.

"நீங்க ஒண்ணும் பண்ணல தம்பி. மரத்து மேலயும் தப்பில்ல. ஈரத்துல ஒட்டுனா பிளக்கும்னு தெரியும். தெரிஞ்சேதான் ஒட்டுனேன்."

அவர் கிடாரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"தெரிஞ்சேவாக்கா?" என்றார்.