மூன்றைத் தாண்டாத திருகு

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டேன். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்று இன்றும் மகளைக் கேட்டுத்தான் எழுதுகிறேன். அவள் கல்லூரிக்குப் போயிருக்கும் நேரத்தில் என் இஷ்டத்துக்கு எழுதுகிறேன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எழுதாமலே விட்டிருப்பேன். ஆனால் என் மனைவியின் தம்பி, எங்கள் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிப்பவன், இந்தக் கதையை ஒவ்வொரு விசேஷத்திலும் சொல்கிறான். சொல்லச் சொல்ல என் ஸ்பீக்கர் பெட்டியின் சத்தம் கூடிக்கொண்டே போகிறது. கடைசியாக அவன் சொன்னபோது கல்யாண மண்டபத்தின் கண்ணாடி உடைந்துவிட்டது. கண்ணாடி எதுவும் உடையவில்லை. அதைச் சொல்வதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எனக்குத் தொழில் சீட் கவர் தைப்பது. ஆட்டோ, வேன், ஸ்கூட்டர் எது வந்தாலும் ஃபோம் வைத்து ரெக்சின் போட்டுக் கொடுப்பேன். சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை பூசையிலும், கல்யாண ரிசப்ஷன்களிலும் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். நாலு தடித்த கம்பிகள் உள்ள கிட்டார் அது. பாட்டுக்கு அடியில் தரை போட்டுக்கொண்டே போகும். வீட்டுக்கு வருபவர்கள் சுவரைப் பார்ப்பார்கள், ஜன்னலைப் பார்ப்பார்கள், தரையைப் பார்ப்பதில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது. இளைஞனாக இருந்தபோது பாடகர் குழுவில் என்னைச் சேர்க்க வந்தவர், இதை வாசிக்கிறவன் பின்னால் நின்றால் போதும் என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்த வாத்தியத்தைக் கையில் எடுத்தேன்.

எங்கள் குழுவில் நாலு பேர். கீபோர்டு வாசிக்கும் மாஸ்டர்தான் தலைவர். டிரம்ஸ் மச்சான். பாடுகிற அம்மா கதிர்காமம் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நாலாவது ஆள் நான்.

ஒரு நாள் ரிகர்சல் முடிந்ததும் மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மனிதர் நல்லவர். அதனால் சுற்றி வளைத்துத்தான் சொன்னார். கீபோர்டில் இடது கையாலேயே பேஸ் வாசித்துவிடலாம், வேனில் இடமும் மிச்சமாகும், ஈஸ்டர் கழித்து வரும் ரிசப்ஷன் வரைக்கும் பார்க்கலாம் என்றார். அதற்குப் பிறகு என்ன என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நான் வேண்டாம் என்பதுதான் அர்த்தம் என்று மச்சான்தான் வண்டியில் வரும்போது சொன்னான்.

"மாமா, நீ வாசிக்கிறது உனுக்கே கேக்கல. அவுருக்கு எப்பிடிக் கேக்கும்?"

ராத்திரி அவனே போனில் ஒரு வெளிநாட்டுப் பழைய குழு வாசிப்பதைப் போட்டுக் காட்டினான். அதில் பேஸ் கிட்டார் உறுமியது. கிழிந்த ஸ்பீக்கரின் கரகரப்பு இல்லை. நன்றாகப் பாடுகிற ஒருவருக்குத் தொண்டை லேசாகக் கட்டியிருந்தால் வருமே, அந்தக் குரல். மெதுவாக வாசிக்கும்போது சுத்தமாக இருந்தது. அழுத்தும்போது மட்டும் பல்லைக் காட்டியது. அது பழைய ரேடியோவில் இருக்கும் கண்ணாடி வால்வு போட்ட ஆம்ப்ளிபையரில்தான் வரும் என்று மச்சான் எங்கேயோ படித்திருந்தான். அந்தக் குரலை என் கையால் ஒரு தடவையாவது வரவைத்துவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது.

கருவடிக்குப்பத்தில் மைக் செட் வைத்திருக்கிறவர் எனக்குப் பழக்கம். அவருடைய வேன் சீட்டெல்லாம் நான் தைத்ததுதான். அவருடைய கொட்டகையில், சர்ச் திருவிழாவின் கொடியேற்றத்துக்கும் தேர் பவனிக்கும் போய் வந்து ஓய்ந்த வால்வு ஆம்ப் ஒன்று மூலையில் கிடந்தது. உறுமல் வேண்டும் என்று நான் சொன்னதும் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சாமியாரு பிரசங்கத்துல இந்தக் கரகரப்பு வருதுன்னு வருஷா வருஷம் திட்டு வாங்குனவன்பா நான். நீ அத கேட்டு வந்து நிக்கிற."

வேனுக்குப் புதிதாக மேல்கூரைத் துணி தைத்துத் தருகிறேன் என்று பேசி ஆம்பையும் அதன் ஸ்பீக்கர் பெட்டியையும் எடுத்துக்கொண்டேன். அவர் இரண்டு விஷயம் சொன்னார். வால்யூமை ஏற்றி வால்வுக்கு மூச்சு முட்டினால்தான் அது உறுமும். மெதுவாகவும் வேண்டும், உறுமவும் வேண்டும் என்றால் நடக்காது. இரண்டாவது, சத்தத்துக்குப் பயந்து ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு ஓட்டினால் உள்ளே டிரான்ஸ்பார்மர் போய்விடும். இரண்டாவதை மட்டும் அவர் மறுபடி மறுபடி சொன்னார். என்னைத் தெரிந்தவர்.

வீட்டில் வைத்து சுவிட்சைப் போட்டேன். வால்வுகள் சூடாகி உள்ளே ஆரஞ்சாக எரிந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தது. வால்யூமை இரண்டில் வைத்து வாசித்தேன். பால் போலச் சத்தம் வந்தது, உறுமல் இல்லை.

என் மனைவி சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏங்க, வாசிக்கிறீங்களா, கொசு அடிக்கிறீங்களா?"

மூன்றுக்கு ஏற்றினேன். எங்கள் அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. நாங்கள் இருப்பது வரிசை வீடு. பக்கத்து வீட்டு அக்காவுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர்தான். உடனே கதவு தட்டப்பட்டது. நான் கிட்டாரைக் கட்டிலில் போட்டுவிட்டு சமையற்கட்டுக்குள் போய் நின்றுகொண்டேன். அக்கா கறிவேப்பிலை கேட்டு வந்திருந்தார். சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து என் கை மூன்றைத் தாண்டவில்லை. ஆம்பின் மேல்தகடு சூடாக இருந்ததால் மனைவி அதன்மேல் மகளின் ஈரக் கைக்குட்டைகளைக் காயப்போட ஆரம்பித்தாள். உறுமாவிட்டாலும் அதற்காவது உதவட்டும் என்றாள்.

அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. தையல்காரன் யோசனை. ஸ்பீக்கர் வயரைத்தானே கழற்றக் கூடாது, ஸ்பீக்கருக்குச் சட்டை போடலாமே. கடையில் இருந்த நல்ல கெட்டி ஃபோமை வெட்டி, கறுப்பு ரெக்சின் போட்டு, ஓரத்தில் சிவப்புப் பைப்பிங் வைத்து, பின்னால் ஜிப் வைத்துத் தைத்தேன். ஸ்பீக்கருக்கு ஒன்று, ஆம்புக்கு ஒன்று. ஆம்பின் சட்டையில் வால்யூம் திருகைப் பிடிக்க மட்டும் என் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. எந்தக் காருக்கும் நான் அவ்வளவு சுத்தமாகத் தைத்ததில்லை.

இரண்டுக்கும் மாட்டிவிட்டு ஐந்துக்கு ஏற்றினேன். தலையணைக்கு அடியில் நாய் உறுமுவது போல ஒன்று கேட்டது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கொழகொழவென்று இருந்ததால் சத்தத்தின் கனத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்னொரு திருகைக் குறைத்துப் பார்த்தேன். குறைத்ததும் உறுமல் தெளிந்தது. விரலால் மெல்லத் தொட்டால் பால், அழுத்தி இழுத்தால் பல். போனில் கேட்ட அதே குரல். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தபோது என் மனைவி மூக்கைச் சுளித்துக்கொண்டு நின்றிருந்தாள். அடுப்பில் பால் தீய்ந்துவிட்டது என்று நினைத்து சமையற்கட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். தீய்ந்தது என் ஃபோம். அவளே பிளக்கைப் பிடுங்கினாள். மைக் செட்காரருக்குப் போன் போட்டதும் அவர் சிரித்த சிரிப்பு வெளியே கேட்டது. கத்திரி வெயிலில் ஒருத்தனுக்குக் கம்பளி போர்த்தினால் சும்மா இருப்பானா என்று கேட்டார். நல்லவேளை, வால்வுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆம்பின் சட்டையைத் தூக்கிப் போட்டேன். ஸ்பீக்கரின் சட்டையைக் கழற்ற மனம் வரவில்லை. அது தீயவில்லையே.

ரிசப்ஷன் நாள் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் பிரான்சிலிருந்து வந்திருந்தார்கள். கேக் வெட்டியதும் பெண்ணும் மாப்பிள்ளையும் முதலில் ஆட வேண்டும், பிறகு மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். அவர்கள் வீட்டு வழக்கம் அப்படி. மேடையில் என் பெட்டியைத் தூணுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். கறுப்பும் சிவப்புமாகச் சட்டை போட்டு நின்ற அதைப் பார்த்து, பாடுகிற அம்மா இதற்கும் ஞானஸ்நானமா என்று கேட்டார். மாஸ்டர் வந்து திருகை இரண்டில் வைத்துவிட்டுப் போனார்.

வாசிக்கத் தொடங்கினோம். மாஸ்டரின் இடது கை ஏற்கெனவே பேஸ் வாசித்துக்கொண்டிருந்தது. நானும் வாசித்தேன். இரண்டும் ஒன்றையொன்று மிதித்தன. மாஸ்டர் என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். கொஞ்சம் நிறுத்து என்று அதற்கு அர்த்தம். நான் நிறுத்தினேன்.

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பாட்டு போய்க்கொண்டே இருந்தது. முன்வரிசையில் மாப்பிள்ளையின் பெரியம்மா ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய கரண்டிகூட நிற்கவில்லை. என் மனைவி மட்டும் பந்தி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேலி செய்யவில்லை. அவள் கேலி செய்யாமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அப்போது ஒன்று நினைத்தேன். அதைத் தைரியம் என்று மச்சான் சொல்கிறான், தைரியமெல்லாம் இல்லை. கூச்சக்காரனின் கணக்கு. நான் நிறுத்தியதே யாருக்கும் தெரியவில்லை என்றால், நான் ஏற்றினாலும் யாருக்கும் தெரியாது.

குனிந்து ஸ்பீக்கரின் ஜிப்பைத் திறந்து சட்டையைக் கழற்றினேன். கனத்தைக் குறைத்தேன். வால்யூமை ஏழில் வைத்தேன். பெண்ணும் மாப்பிள்ளையும் ஆட எழுந்தார்கள். மச்சான் குச்சியைத் தட்டினான். நான் அடிக் கம்பியை அழுத்தி இழுத்தேன்.

தெரிந்துவிட்டது. எல்லாருக்கும்.

கண்ணாடி உடையவில்லை. ஐஸ்கிரீம் கிண்ணங்கள் மேசைமேல் கொஞ்சம் நடந்தன, அவ்வளவுதான். பெரியம்மாவின் கரண்டி வாய்க்குப் பாதி வழியில் நின்றது. மண்டபமே தூணைப் பார்த்தது. தூணுக்குப் பின்னால் நான். ஓடிவிடலாம் என்றுதான் இருந்தது, ஆனால் கிட்டார் வயர் மாட்டியிருந்தது. பாட்டும் பாதியில் இருந்தது. வாசித்தேன். பாடுகிற அம்மா மெதுவாகப் பாடும்போது விரலை இளக்கினேன், பெட்டியும் சாதுவாகிவிட்டது. அவர் குரலை ஏற்றும்போது அழுத்தினேன், கூடவே உறுமியது. பெரியம்மா கிண்ணத்தைப் பக்கத்திலிருந்தவர் கையில் கொடுத்துவிட்டு ஆட எழுந்துபோனார்.

நடுவில் ஒரு தடவை மாஸ்டரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அவருடைய இடது கை கீபோர்டின் மேல் இல்லை. இடுப்பில் இருந்தது.

பந்தியில் அவர் எனக்கு எதிரே உட்கார்ந்தார். கறிக்குழம்பை ஊற்றிக்கொண்டு, இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அடுத்த ஞாயித்துக்கெழம கொஞ்சம் முன்னாடியே வந்துடு. அந்தச் சட்டைய வீட்டுலயே வச்சிட்டு வா. ஏழு வாணாம், அஞ்சர போதும்."

சரி என்றேன். என் மனைவி பக்கத்திலிருந்து எனக்கு அப்பளம் வைத்தபடி, வீட்டில் மூன்றைத் தாண்டாத மனுஷன் ஊரான் வீட்டில் ஏழுக்குப் போகிறார் என்று மாஸ்டரிடமே புகார் சொன்னாள்.

ஸ்பீக்கரின் சட்டையைப் பிரித்து அவளுடைய ஸ்கூட்டருக்கு சீட் தைத்துக் கொடுத்துவிட்டேன். சிவப்புப் பைப்பிங் அதற்கும் நன்றாகத்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா சில நாள் கழித்து, சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றி வாசிக்கச் சொன்னார். இவ்வளவு நாளும் எங்கள் வீட்டில் ஏதோ மிஷின் ரிப்பேர் என்று நினைத்தாராம், இப்போதுதான் பாட்டு என்று தெரிந்ததாம். தன்னுடைய சீரியல் ஓடும் நேரத்தில் மட்டும் வேண்டாம் என்றார்.

இன்று ஞாயிற்றுக்கிழமை, அவருக்கு சீரியல் இல்லை. சாயங்காலம் மணி ஐந்தாகப் போகிறது. வால்வு சூடாகட்டும் என்று சுவிட்சைப் போட்டுவிட்டுத்தான் இந்தக் கடைசி வரியை எழுதுகிறேன். இன்று ஆகஸ்ட் பதினேழு.