பங்குனி ஐந்தும் மீனம் ஐந்தும்

1. நாளைக்கு வர வேண்டிய கூட்டம்

அன்றைக்குப் பங்குனி ஐந்து. மத்தியானம் மூன்று மணிக்கு முப்பத்தாறு வீட்டுக்காரர்கள் எங்கள் பள்ளிக்கூட முற்றத்தில் வந்து நின்றார்கள். இஸ்திரி போட்ட வேட்டி, பட்டுப்புடவை, பிள்ளைகள் முகத்தில் அரை டப்பா பவுடர். நாங்கள் அவர்களைக் கூப்பிட்டிருந்தது மறுநாளைக்கு.

அவர்கள் மேல் ஒரு பிழையும் இல்லை. பிழை செய்தவன் அந்த நேரத்தில் உப்புமா அண்டாவுக்குள் தலையை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். வெளியே சத்தம் கேட்டு அண்டாவிலிருந்து தலையை எடுத்தவன் நான்தான்.

என் பெயர் சுடலை. திருவனந்தபுரத்தில், சாலைக் கடைத்தெருவுக்கும் வலியசாலைக்கும் நடுவில் இருக்கிற ஒரு சின்ன எல்.பி. ஸ்கூலில், அதாவது ஆரம்பப் பள்ளிக்கூடத்தில், பியூன். எஸ்.எஸ்.எல்.சி. முதல் தடவை கணக்கில் தோற்றேன். கணக்கு மட்டும் தனியாக வருத்தப்படக் கூடாது என்று இரண்டாம் தடவை எல்லாவற்றிலும் தோற்றேன். எனக்கு ஒன்றும் வயதாகிவிடவில்லை. ஆனாலும் இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பிமாரைவிட ஆறு வருஷம் அதிகமாக மணி அடித்திருக்கிறேன். அந்த உரிமையில் இதைச் சொல்கிறேன். படித்துவிட்டுச் சிரியுங்கள். இதே பிழையை நீங்களும் செய்யும்போது மட்டும் சிரிக்காதீர்கள்.

2. கொன்றைப்பூ

எங்கள் பள்ளிக்கூடத்தில் கொன்றை பூக்கிற சமயம், வருஷப் பரீட்சைக்கு முன்னால், வீடுகளுக்கு ஒரு நோட்டீஸ் போகும். அம்மை ஊசி போட என்றைக்கு வருகிறார்கள், மிருகசாலைக்குப் பிள்ளைகளை என்றைக்குக் கூட்டிப்போகிறோம், பரீட்சை என்றைக்கு, தோட்டத்தில் நட ஆளுக்கொரு பயற்றுவிதை கொடுத்துவிடவும், பக்கத்து வளப்பில், அதாவது பக்கத்து வீட்டுத் தோட்டத்தில், நிற்கிற மாமரத்தில் கல்லெறிய வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லவும் என்று எல்லாம் அதில் இருக்கும்.

அந்த வருஷம் அதில் முக்கியமான ஒரு வரி இருந்தது. தமிழ் டிவிஷனில், அதாவது தமிழில் பாடம் நடக்கிற பிரிவில், பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், அடுத்த வருஷம் அது வேண்டுமா என்று கல்வி ஆபீசிலிருந்து சார் வந்து பெற்றோரிடம் நேரில் கேட்பார். குறைந்தது இருபத்தைந்து பேராவது வந்து, எங்கள் பிள்ளைகளைத் தொடர்ந்து இங்கேயே அனுப்புவோம் என்று கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் டிவிஷனை வெட்டிவிடுவார்கள். டிவிஷன் போனால் ரூபி டீச்சரும் போக வேண்டியதுதான்.

ரூபி டீச்சர் மார்த்தாண்டத்துக்காரர். தமிழ் டிவிஷனுக்கு அவர் ஒருவர்தான். இதற்கு முன்னால் இரண்டு பள்ளிக்கூடத்தில் இதே மாதிரி டிவிஷன் போய் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். மூன்றாவதாக எங்களிடம் வந்தபோது தகரப் பெட்டியின் கயிற்றை அவிழ்க்கவே ஒரு மாதம் யோசித்தார் என்று நானே பரிகாசம் செய்திருக்கிறேன்.

நோட்டீஸை எழுதியது பெரிய டீச்சர். அதாவது ஹெட்மிஸ்ட்ரஸ். அவருக்கு ஊர் நெய்யாற்றின்கரை. தமிழ் பேசுவார், எழுத்துக்கூட்டி வாசிப்பார், எழுத வராது. மலையாளத்தில் எழுதித் தருவார். அதைத் தமிழாக்கி ஸ்டென்சிலில் இரும்புப் பேனாவால் வெட்டி, மெஷினில் வைத்து ரோலர் உருட்டுவது என் வேலை. அந்த சைக்ளோஸ்டைல் மெஷின் ஏதோ ஒரு ஆபீஸ் வேண்டாம் என்று தள்ளியது. என்னையும் ஊரில் அப்படித்தான் தள்ளினார்கள் என்பதால் எங்களுக்குள் நல்ல ஒற்றுமை.

பெரிய டீச்சர் தெளிவாகத்தான் எழுதியிருந்தார். மீனம் ஐந்து, மார்ச் பத்தொன்பது, செவ்வாய்க்கிழமை, மூன்று மணி.

எனக்கு அன்றைக்குக் கலை வந்துவிட்டது. வெறும் எழுத்தாக இருந்தால் யார் பார்ப்பார்கள் என்று ஓரத்தில் ஒரு கொன்றைப்பூங்கொத்து வரைந்தேன். நன்றாக வந்தது. நன்றாக வந்ததால் கீழே கீழே தொங்கவிட்டுக்கொண்டே போனேன். கடைசியில் பார்த்தால் தேதி எழுத அரை விரல் இடம்தான் இருந்தது. ஸ்டென்சிலில் ஒருமுறை கீறினால் கீறினதுதான். பூவை அழிக்க மனசு வரவில்லை. மார்ச்சை விட்டேன், செவ்வாயை விட்டேன். மீனத்தைத் தமிழில் பங்குனி என்பார்கள் என்ற மகா அறிவோடு "பங்குனி 5, மணி 3" என்று எழுதிவிட்டேன்.

பெரிய டீச்சர் அன்றைக்கு ஆபீஸில் மீட்டிங்குக்குப் போயிருந்தார். ரூபி டீச்சர் பார்த்தார். அவர் கிறிஸ்தவர், சபைக்குப் போகிறவர், அவருக்கு மாதம் என்றால் மார்ச்தான். பூ அழகாக இருக்கிறது என்றார். அது போதும் எனக்கு. அன்றைக்கே பிள்ளைகள் கையில் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

சில வருஷம் தமிழ் மாதமும் மலையாள மாதமும் ஒரே நாளில் பிறக்கும். சில வருஷம் தமிழ் மாதம் ஒரு நாள் முந்திக்கொள்ளும். அந்த வருஷம் பங்குனி முந்திக்கொண்டது. எங்கள் ஆபீஸ் சுவரில் தொங்குவது மலையாளக் கலண்டர். தமிழ் வீடுகளில் தொங்குவது தமிழ்க் கலண்டர். இரண்டுக்கும் நடுவில் தொங்கியது என் கொன்றைப்பூ.

முற்றத்தில் கூட்டத்தைப் பார்த்ததும் பெரிய டீச்சர் ஒருவர் கையிலிருந்த நோட்டீஸை வாங்கி வாசித்தார். என்னைக் கூப்பிட்டார்.

"எடா சுடலை, கொன்னப்பூ கொள்ளாம். கிழமை எவிடெ?"

பூ நன்றாகத்தான் இருக்கிறது, கிழமை எங்கே என்று கேட்கிறார். நான் அண்டா தேய்த்த கையை வேட்டியில் துடைத்தேன்.

நாளைக்கு ஒருமுறை வாருங்கள் என்று பெரிய டீச்சர் எல்லாரிடமும் கெஞ்சினார். கடையை அடைத்துவிட்டு வந்தவர்கள், ஹோட்டல் வேலைக்கு லீவு சொன்னவர்கள், கொத்து வேலையில் அரை நாளை விட்டவர்கள். ஒருத்தரும் சரி என்று சொல்லவில்லை. ரூபி டீச்சர் வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளைக்கும் டாட்டா காட்டினார். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

3. முப்பத்தாறு ரகசியம்

ஸ்கூல் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். முதலில் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை செல்லையா அண்ணாச்சி. நாகர்கோவில் பக்கத்துக்காரர். மகள் செல்வி மூன்றாம் கிளாஸ். நடந்ததை உள்ளபடி சொன்னேன். அவர் ஒரு குத்துப்போணியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஒரு நாள் அடைச்சாச்சு. இனி உனக்க பூவுக்காவ ரெண்டாம் நாளும் அடைக்கணுமாலே?"

உண்மையைச் சொல்லிப் பார்த்த முதல் கடை அது. அடுத்த இரண்டு வீட்டிலும் உண்மையையே சொன்னேன். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். இன்னொரு வீட்டில் காப்பி கொடுத்துவிட்டு வர முடியாது என்றார்கள். உண்மைக்கு இவ்வளவுதான் மரியாதை என்றால் நான் ஏன் கஷ்டப்பட வேண்டும் என்று தோன்றியது. சைக்கிளைத் திருப்பி மறுபடி அண்ணாச்சி கடைக்கே போனேன்.

"அண்ணாச்சி, சொல்லக் கூடாதுன்னு பெரிய டீச்சர் ஆர்டர். நாளைக்கு அந்த சார் செல்விக்குப் பிரைஸ் குடுக்காரு. உங்க பிள்ளைக்கு மட்டும்."

அவர் கையில் இருந்த போணி நின்றுவிட்டது. "எனக்க மவளுக்கா? எதுக்குலே?"

"அது நாளைக்குத்தான் தெரியும். வெளியே மூச்சு விடக்கூடாது."

அண்ணாச்சி கடைப் பையனை விட்டு எனக்கு ஒரு சர்பத் வாங்கித் தரச் சொன்னார்.

அதற்குப் பிறகு சைக்கிள் தானாக ஓடியது. வலியசாலைத் தெருவில் ராஜம் மாமி. மகன் அம்பி மூன்றாம் கிளாஸ். "எங்காத்து அம்பிக்கா? அவன் சிலேட்டையே தினம் மறந்துட்டு வரானேடா" என்று சந்தேகப்பட்டாள். வேறு யாருக்காவது உண்டோ என்று கேட்டாள். அம்பிக்கு மட்டும்தான் மாமி, பக்கத்தாத்துக்குத் தெரிய வேண்டாம் என்றேன். பக்கத்து வீட்டிலும் அதையே சொன்னேன். பழவங்காடிப் பக்கம் ஹோட்டல் அடுக்களையில் சொன்னேன், கொத்துவேலை நடக்கிற இடத்தில் சாரத்துக்குக் கீழே நின்று சொன்னேன். மறுநாள் காலை மணி அடிக்கிறதுக்கு முன்னால், உண்மை சொல்லித் தோற்ற அந்த இரண்டு வீட்டோடு மிச்ச வீடுகளையும் முடித்தேன். முப்பத்தாறு வீட்டுக்கு முப்பத்தாறு ரகசியம். ஒரு தெருவில் ஒருவர் தும்மினால் கோடி வீட்டில் மருந்து சொல்லுவார்கள். அப்பேர்ப்பட்ட இடத்தில் அந்த ஒரு ராத்திரி யாரும் வாய் திறக்கவில்லை. அதைப் பார்த்தாவது எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

4. மூக்கு

மீனம் ஐந்து, மூன்று மணி. வந்த சார் திருவல்லாக்காரர், மெலிந்த ஆள், குடையை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கூட்டம் முந்தின நாளைவிடப் பெரிதாக இருந்தது. அத்தை, மாமா எல்லாம் வந்திருந்தார்கள். செல்விக்குப் புதுப் பாவாடை. அம்பிக்கு நெற்றி நிறைய விபூதி.

தமிழ் டிவிஷன் வேண்டுமா என்று சார் கேட்டார். எல்லாக் கையும் உயர்ந்தது. முப்பத்தாறு கையெழுத்து, அதில் நாலு பெருவிரல் ரேகை. பெரிய டீச்சர் என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது. ஒரு நிமிஷம் கூட நீடிக்கவில்லை.

சார் ரெஜிஸ்டரை மூடிவிட்டு, இனி வேறு ஏதாவது சொல்லணுமா என்று கேட்டார். அண்ணாச்சி எழுந்தார்.

"சாரே, செல்விக்க பிரைஸ்?"

ராஜம் மாமி திரும்பிப் பார்த்தாள். "செல்விக்கா? அம்பிக்குன்னா சொன்னான்."

பிறகு பெஞ்சு பெஞ்சாக எழுந்தார்கள். என் பிள்ளைக்கு, எங்கள் பிள்ளைக்கு என்று ஒரே சத்தம். கடைசியில் எல்லாத் தலையும் தண்ணீர்ப் பானைப் பக்கம் திரும்பியது. அங்கே நான் நின்றுகொண்டிருந்தேன்.

அண்ணாச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. பொய் சொல்லிக் கூட்டி வந்து வாங்கின கையெழுத்து எனக்கு வேண்டாம், வெட்டுங்கள் என்று சாரிடம் போனார். அவருக்குப் பின்னால் இன்னும் பதினைந்து பேர் எழுந்தார்கள். சார் ரெஜிஸ்டரை மறுபடி திறந்தார். பேனா மூடியைக் கழற்றினார். இது சரியாகுமா என்று பெரிய டீச்சரைப் பார்த்தார். பெரிய டீச்சர் என்னைப் பார்த்தார். பொய்யைப் பற்றி அவருக்கு ஒரு வார்த்தையும் தெரியாது.

அப்போது ரூபி டீச்சர் எழுந்தார். அவர் கூட்டத்தில் பேசி நான் பார்த்ததே இல்லை.

"பிரைஸ் உண்டும் அண்ணாச்சி. இவன் சொன்னது பொய்யாக்கும். ஆனா பிரைஸ் உண்டும்." செல்வியைக் கை காட்டினார். "செல்வி வீட்டில இருந்து ஸ்கூல் வரைக்கும் வழியில உள்ள எல்லாக் கடைப் பலகையும் வாசிச்சிட்டுத்தான் வருவா. தமிழும் வாசிப்பா, மலையாளமும் வாசிப்பா. புதுப் பலகை வச்சா முதல்ல எனக்குத்தான் வந்து சொல்லுவா. உங்க கடைப் பலகையில ஒரு புள்ளி அழிஞ்சிருக்குன்னு ஆறு மாசமா வெசனப்படுகா. உங்ககிட்ட சொல்லப் பயம்."

அண்ணாச்சி செல்வியைப் பார்த்தார். செல்வி தரையைப் பார்த்தாள். அவர் உட்கார்ந்துவிட்டார்.

"அம்பி சிலேட்டு மறந்துட்டு வரது உண்மை மாமி. ஆனா பக்கத்தில இருக்க பிள்ளைக்கு உப்புமா கிடைக்காம அவன் ஒரு வாய் வைக்க மாட்டான்."

மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அழவில்லை என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

அப்படியே ஒவ்வொரு பிள்ளையாகச் சொல்லிக்கொண்டே போனார். ஹாஜர் புத்தகத்தைத் திறக்கவில்லை. முப்பத்தாறு பேரில் ஒருத்தரும் விட்டுப்போகவில்லை. வகுப்பிலேயே பெரிய வால் என்று பெயரெடுத்த கொத்தனார் மகனிடம் வந்தபோது, இவனுக்கு என்ன சொல்வார் என்று நானே காதைத் தீட்டினேன். "இவன் பொய் சொன்னா மூக்கு வேர்க்கும். அதனால கிளாஸ்ல என்ன நடந்தாலும் நான் இவன்கிட்டத்தான் கேப்பேன்" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் எல்லாரும் என் மூக்கைப் பார்த்தார்கள். நான் துடைத்துக்கொண்டேன்.

சார் ஒரு கையெழுத்தையும் வெட்டாமல் பேனாவை மூடினார். ரெஜிஸ்டரைக் கட்டி பியூனிடம் கொடுங்கள் என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, பியூனிடம் வேண்டாம், டீச்சரே கொண்டு வாருங்கள் என்றார்.

5. அடுத்த ஸ்டென்சில்

கோப்பையும் இல்லை, மெடலும் இல்லை. ரூபி டீச்சர் சொன்னதையெல்லாம் எழுதி வீட்டுக்கு வீடு அனுப்புவோம், அதுதான் பிரைஸ் என்று பெரிய டீச்சர் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார். எழுதுவது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

மூன்று ஸ்டென்சில் பிடித்தது. ரூபி டீச்சர் சொல்லச் சொல்ல நான் வெட்டினேன். பாதியில் எனக்கு ஒரு சங்கடம் வந்தது. தினம் இந்த முப்பத்தாறு பேருக்கும் உப்புமா விளம்புகிறவன் நான். செல்வி பலகை வாசிக்கிறதும் எனக்குத் தெரியாது, அம்பி காத்திருக்கிறதும் தெரியாது. எல்லாரையும் வாய், தட்டு என்றுதான் பார்த்திருக்கிறேன். அதை ரூபி டீச்சரிடம் சொன்னேன். "இனி பாரு" என்றார், அவ்வளவுதான்.

பூ வரையவில்லை. ஆனால் கடைசி ஸ்டென்சிலில் நாலு விரல் இடம் மிச்சம் இருந்தது. பெரிய டீச்சர் இரும்புப் பேனாவை என் கையிலிருந்து வாங்கினார். தமிழ் எழுத வராதவர், ரூபி டீச்சரிடம் ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டுக் கேட்டு, ஒண்ணாம் கிளாஸ் பிள்ளை மாதிரி கோணல் மாணலாக ஒரு வரி வெட்டினார்.

"சுடலை, பியூன்: நன்றாகப் பூ வரைவான். இவன் கொண்டுவரும் தேதியைக் கலண்டரில் பார்த்துக்கொள்ளவும்."

ஸ்டென்சிலில் கீறினால் கீறினதுதான் என்று முன்னாலேயே சொன்னேன். முப்பத்தாறு காப்பியும் நானே உருட்டினேன். நானே சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

தம்பிமாரே, நான் கற்றுக்கொண்டது இதுதான். தேதி எழுதினால் பங்குனியும் எழுது, மீனமும் எழுது, மார்ச்சும் எழுது, கிழமையும் எழுது. இடம் மிஞ்சினால் பூ. அப்புறம், வீட்டுக்காரர்களைக் கூட்டிவர அவர்கள் பிள்ளையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை போதும். அதைப் பொய்யாகச் சொல்வதைவிட நிஜமாகக் கண்டுபிடிப்பது லேசு. தினம் தட்டில் உப்புமா போடும்போது இரண்டு நிமிஷம் நின்று பார்த்தால் போதும்.

ரூபி டீச்சர் இப்போதும் எங்கள் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறார். கொன்றை பூக்கிற சமயம் போகிற நோட்டீஸில் பிள்ளைக்கு ஒரு வரி என்பது வழக்கமாகிவிட்டது. அண்ணாச்சி கடைப் பலகைக்குப் புள்ளி வைத்தாகிவிட்டது. வலியசாலைத் தெருவுக்கு நான் நோட்டீஸ் கொண்டுபோனால் மட்டும் ராஜம் மாமி அதை உடனே வாசிக்க மாட்டாள். முதலில் என் மூக்கைப் பார்ப்பாள். அப்புறம் உள்ளே போய்க் கலண்டரைப் பார்ப்பாள்.