நேரடிப் பேச்சு மட்டும்

என் மனைவி மறுபடியும் என்னை விட்டுப் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த நோட்டை ஆரம்பித்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் நான் அவளை வேவு பார்த்ததாகத்தான் நினைக்கிறார்கள். வேவு பார்க்கிற சாமர்த்தியமெல்லாம் எனக்குக் கிடையாது. அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் கணக்கு நடத்துகிறவன் நான். பயம் வந்தால் சிலர் கோயிலுக்குப் போகிறார்கள், சிலர் குடிக்கிறார்கள். நான் சமன்பாடு எழுதினேன்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. கல்யாணமாகி மூன்றாம் வருஷம், ஐந்தாம் மாதத்தில் அவளுக்குக் கரு கலைந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அம்மா வீட்டுக்குப் போனாள். திருச்சுழியைத் தாண்டி உள்ளே போகிற ஊர். கரிசல் காட்டில் கொத்தமல்லியும் பருத்தியும் போட்டுவிட்டு மழைக்கு வானத்தைப் பார்க்கிற சம்சாரி வீடு. ஒரு மாதம் என்று சொல்லிப் போனவள், மூன்று மாதம் கழித்துத்தான் பாளையம்பட்டியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்குத் திரும்பினாள். வந்தவள் பையைப் பிரிக்கவில்லை. நாலு நாள் அது கட்டிலுக்கு அடியில் ஜிப்பு போட்டபடியே கிடந்தது. குனிந்து செருப்பைத் தேடும்போதெல்லாம் அது கண்ணில் படும். அதைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தைரியம் இல்லை. ஐந்தாம் நாள் அவளே பிரித்து அடுக்கினாள். அன்றைக்குத்தான் கல்லூரிக்கு எதிரே இருந்த ஸ்டோரில் நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினேன்.

காதலிக்கிற இரண்டு பேரின் மனநிலையைச் சமன்பாட்டில் எழுதுவது எங்கள் படிப்பில் இருக்கிற ஒரு விளையாட்டு. வகுப்பில் நானே நடத்தியிருக்கிறேன். பையன்கள் கடைசி பெஞ்சிலிருந்து விசில் அடிப்பார்கள். விஷயம் சுலபமானது. இன்று அவள் மனம் எப்படி இருக்கிறது என்பது இரண்டைப் பொறுத்தது: நேற்று அவள் மனம் எப்படி இருந்தது, நேற்று நான் அவளிடம் எப்படி நடந்துகொண்டேன். எனக்கும் அப்படித்தான். நேற்றையதில் இன்றைக்கு எவ்வளவு ஒட்டுகிறது என்று கண்டுபிடித்துவிட்டால், இந்த இரண்டு பேரும் கடைசியில் எங்கே போய் நிற்பார்கள் என்று சொல்லிவிடலாம். நிற்கிற அந்த இடத்துக்குச் சமநிலைப் புள்ளி என்று பெயர். எங்கள் புள்ளி எங்கே இருக்கிறது, அதில் அவள் என்னோடு இருக்கிறாளா இல்லையா, அவ்வளவுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

பக்கத்தின் நடுவில் கோடு கிழித்து இரண்டு பத்தி. ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு. இதமாக ஒரு வார்த்தை சொன்னால் கூட்டல் ஒன்று, சுள்ளென்று விழுந்தால் கழித்தல் ஒன்று, வெறும் பேச்சென்றால் பூஜ்யம். மறுநாள் காலையில் கல்லூரிக்குப் போனதும் முதல் வேலையாக முந்தைய நாளுக்குக் கூட்டிப் போட்டு, அதைக் கடைசிப் பக்கத்து வரைபடத்தில் புள்ளியாக வைத்துக் கோட்டை நீட்டுவேன். அதைப் பார்த்துவிட்ட இயற்பியல்காரர் ஸ்டாஃப் ரூம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஏலே, ஊரு ஒலகத்துல பொண்டாட்டிக்கு இன்டெர்னல் மார்க்கு போடுறவன் நீ ஒருத்தன்தான்யா" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஆரம்பத்திலேயே ஒரு சிக்கல் வந்தது. அவள் சாடை பேசுகிறவள்.

எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. ஒருவரிடம் சொல்ல வேண்டியதை அவர் காதில் விழும்படி வேறொன்றிடம் சொல்வார்கள். மாமியாரைத் திட்ட வேண்டுமென்றால் கோழியைத் திட்டுவார்கள். மாமியாரும் அதே கோழி மூலமாகப் பதில் சொல்வார். கோழிக்கு எதுவும் ஆகாது. என் மனைவி இந்தக் கலையில் கெட்டிக்காரி. "என்னங்க, சாப்பிட வாங்க", "கேஸு தீந்துருச்சு" என்பதெல்லாம் என் முகத்தைப் பார்த்து வரும். மனசில் இருக்கிறது மட்டும் வேறு விலாசத்துக்குப் போகும். எங்கள் தெருவில் தண்ணீர் வருகிற நாள் அபூர்வம். அப்படி வந்த ஒரு நாள் குழாயடியிலிருந்து குடத்திடம் பேசிக்கொண்டிருந்தாள். "நீ இங்கனயே கெட. ஒன்னயத் தூக்க இங்க யாருக்கு நேரமிருக்கு? எல்லாரும் பேப்பரு திருத்துறாக, நாடு முன்னேறுது." நான் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்த் தூக்கினேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள்.

இதற்கு என்ன மதிப்பெண் போடுவது? கூட்டலா, கழித்தலா? குடத்துக்குச் சொன்னது எனக்குச் சேருமா? முதல் இரண்டு வாரம் மூன்றாவதாக ஒரு பத்தி போட்டுப் பார்த்தேன். கணக்கு உருப்படவில்லை, புள்ளிகள் தாறுமாறாகச் சிதறின. இரண்டு பேருக்கான சமன்பாட்டில் குடமும் கிரைண்டரும் டிவியில் வருகிற மாமியாரும் வந்து உட்கார்ந்தால் விடை எப்படி வரும்? அந்தப் பத்தியை அடித்துவிட்டு நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதினேன்: நேரடிப் பேச்சு மட்டும். எழுதியதும் பெரிய நிம்மதி. இப்போது நினைத்தால் அந்தக் கையை உடைக்க வேண்டும் போலிருக்கிறது.

விதி வந்தபிறகு கணக்கு அழகாக ஓடியது. அது ஒரு விஷயத்தைத் தெளிவாகக் காட்டியது. போன குழந்தையைப் பற்றி நான் வாயெடுத்த நாளெல்லாம் அவள் அழுதாள், அடுத்த இரண்டு நாளும் அவள் பத்தியில் கழித்தல் விழுந்தது. நான் அதைப் பேசாத வாரங்களில் கோடு மெல்ல மேலே ஏறியது. நான் பேசாமல் இருக்கப் பழகினேன். ஆஸ்பத்திரி இருக்கிற தெருவைக்கூடத் தவிர்த்து பைக்கைச் சுற்றுவழியில் ஓட்டினேன். இதெல்லாம் அவளுக்காகத்தான் என்று மனப்பூர்வமாக நம்பினேன்.

பக்கத்து வீட்டுப் பூனை எங்கள் மாடிப்படிக்குக் கீழே குட்டி போட்டது அந்தச் சமயத்தில்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். நான் முன்னறையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்திருந்தது. அவள் கிண்ணத்தில் பால் வைத்துவிட்டு படிப்பக்கம் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். முதுகு மட்டும் தெரிந்தது.

"ஒனக்காச்சும் நின்னுச்சே, மகராசி" என்றாள். கிண்ணத்தைத் தள்ளி வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "எனக்கு அது கெடந்த எடம் இன்னும் கனமா இருக்கு. காலையில எந்திரிச்சதும் கை தானா வயித்துக்குப் போகுது. யாருகிட்டச் சொல்ல? இந்த வீட்டுல ஒருத்தரு, அப்படி ஒரு புள்ள வரவே இல்லங்கிற மாதிரி இருக்காக. அவுகளுக்கு மறந்துபோச்சு. மறந்துட்டுப் போகட்டும். எனக்கு ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, பக்கத்துல ஒக்காந்து கூட அழுதாப் போதும். அதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்கல" என்றாள்.

எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. கையில் டீ ஆறியது. வாசலைத் தாண்டினால் பத்தடி. எழுந்துகூட நின்றேன். நின்றவனுக்குக் கோடு ஞாபகம் வந்தது. இப்போது போய் உட்கார்ந்தால் அழுவாள், அடுத்த இரண்டு நாள் இறங்கும், ஏறி வந்தது எல்லாம் போகும். எழுந்தவன் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய் அவளுக்குப் பிடிக்குமே என்று கால் கிலோ கருப்பட்டி மிட்டாய் வாங்கி வந்தேன். வாங்கிக்கொண்டாள். மறுநாள் காலை அந்தத் தேதிக்கு நேராக எழுதினேன்: பூஜ்யம். பேச்சு இல்லை.

அதன்பிறகு சில வாரங்களில் வீட்டில் ஒரு மாற்றம் வந்தது. அவள் சாடை பேசுவதை விட்டுவிட்டாள். குடம் சும்மா நிறைந்தது, கிரைண்டர் சும்மா ஓடியது. என்னிடம் மட்டும் முகம் பார்த்துப் பேசினாள். "போயிட்டு வாங்க." "இன்னைக்கு லேட்டாகுமா?" "சட்டைய அயர்ன் பண்ணி வச்சிருக்கேன்." ஒரு நாளாவது கழித்தல் விழ வேண்டுமே? விழவில்லை. பூஜ்யம், ஒன்று, பூஜ்யம், ஒன்று என்று கோடு பள்ளிக்கூடத்து அளவுகோல் வைத்துப் போட்டது மாதிரி நேராக நின்றது. சமநிலை வந்துவிட்டது. நான் இயற்பியல்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

மல்லி அறுப்புக்கு ஆள் கிடைக்கவில்லை, அப்பாவுக்கு ஒத்தாசைக்குப் பத்து நாள் போய்விட்டு வருகிறேன் என்றாள். நானே பஸ் ஏற்றிவிட்டேன். பத்து நாள் ஆயிற்று. இருபது ஆயிற்று. போன் செய்தால் எடுத்தாள், நலம் விசாரித்தாள், வைத்தாள். ஒரு சனிக்கிழமை மதியம் நானே கிளம்பினேன்.

திருச்சுழி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஒரு காலத்தில் நாங்கள் தினமும் போய்வந்த வழி அது. அவள் அப்போது அருப்புக்கோட்டையில் டிகிரி படித்தாள். நான் திருச்சுழிக்கு ஒரு ட்யூஷன் சென்டரில் பாடம் எடுக்கப் போவேன். சாயங்காலம் ஒரே பஸ். ஆறு மாதம் பார்த்துக்கொண்டதோடு சரி. ஒரு நாள் பக்கத்தில் இருந்த தோழியிடம் பஸ்ஸுக்கே கேட்கிற குரலில் சொன்னாள்: "ஏ, நாளைக்கு நான் இந்த பஸ்ஸுல வரமாட்டேன். ஒங்க அக்காவோட வீரசோழன் கடைத்தெருவுக்குத் துணி எடுக்கப் போறேன். தேடுறவுக தேடவேணாம்." துணி எடுக்கப் போவது அந்தத் தோழியின் சொந்த அக்காவோடு, அவளுக்கு இது தெரியாதா என்ன? அது யாருக்கான செய்தி என்பதில் எனக்கு அரை நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. மறுநாள் வீரசோழன் கடைத்தெருவில் போய் நின்றேன். அவள் பார்த்துவிட்டுச் சிரித்தாள். எங்கள் காதல் அப்படித்தான் ஆரம்பித்தது. சூத்திரம் எதுவும் தேவைப்படாமல் எல்லாம் புரிந்த ஒருவன் அந்த பஸ்ஸில் போய்க்கொண்டிருந்திருக்கிறான். அவனை நினைத்து எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் இருந்தவர் ஜன்னலைச் சாத்தச் சொன்னார், தூசி என்று நினைத்துக்கொண்டார்.

அவர்கள் வீட்டுக் களத்தில் மல்லி காய்ந்துகொண்டிருந்தது. மணம் தெருமுனைவரை வந்தது. அவள் புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"வாங்க" என்றாள். "பஸ்ஸுல எடம் கெடச்சுச்சா? ஒக்காருங்க."

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். எப்போது வருகிறாய் என்று கேட்டேன். அவள் நேராக என் கண்ணைப் பார்த்தாள்.

"அந்த நோட்டப் பாத்தேன்" என்றாள். "ஒங்க காலேஜ் பையத் தொவைக்கப் போடுறப்ப வந்துச்சு. மார்க்கு போட்டதுக்குக் கோவம் இல்ல. ஒங்க வேலை அது, வேற என்ன தெரியும் ஒங்களுக்கு? அந்த ஞாயித்துக்கெழமையத் தேடிப் பாத்தேன். பேச்சு இல்லன்னு எழுதியிருந்தீக."

"நீ என்கிட்டப் பேசலையே..." என்று ஆரம்பித்தேன். சொல்லும்போதே நாக்கு கூசியது.

"பூனைக்குத் தமிழ் தெரியும்னா நெனச்சீக?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கேட்டது, எல்லாம் கேட்டது, எழுந்துகூட நின்றேன் என்று சொன்னேன்.

"தெரியும். நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டுச்சு. வாரீகன்னு இருந்தேன். டம்ளரு கழுவுற சத்தம் கேட்டுச்சு." குரலில் கோபமே இல்லை. "நீங்க நல்லவுகதான். நான் ஒண்ணும் கொறை சொல்லல. என்னால அங்க வர முடியல, அவ்வளவுதான்."

இப்போது பேசுகிறேன், எவ்வளவு வேண்டுமானாலும் அழுகிறேன் என்றேன். உண்மையிலேயே அழுதேன். அவள் பொறுமையாக நின்றாள். நான் அழுது முடித்ததும் துண்டு எடுத்துக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்த எந்த விருந்தாளி அழுதாலும் அப்படித்தான் கொடுத்திருப்பாள்.

உள்ளேயிருந்து அவளுடைய அம்மா, "மாப்பிள்ள சாப்பிட்டுத்தான போறாக?" என்று கேட்டார். எனக்குள் ஒரு நப்பாசை எழுந்தது. இப்போது அம்மாவிடம் ஏதாவது சொல்வாள். கேட்கிற மாதிரி என்னைத் திட்டுவாள். 'சோறு ஒண்ணுதான் கொறைச்சல் இவுகளுக்கு' என்றாவது சொல்வாள். அப்படி ஒரு வசவு விழுந்துவிட்டால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு நான் அவளிடம் திரும்பி வந்துவிடுவேன். காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

அவள் அம்மாவுக்குப் பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்து, "சாப்பிட்டுப் போறதுன்னா பஸ்ஸு போயிரும். இப்பக் கெளம்புனா ஏறிரலாம். பாத்துப் போங்க" என்றாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன். வேலிப்படலைத் தாண்டியதும் நின்று திரும்பிப் பார்த்தேன். அவள் வாளியை எடுத்துக்கொண்டு தொழுவுப்பக்கம் போனாள். வெள்ளாடு ஒன்று கயிற்றை இழுத்துக்கொண்டு அவளைப் பார்த்துக் கத்தியது. அதன் முன்னால் தண்ணீரை வைத்துவிட்டு, கழுத்தைத் தடவிக் கொடுத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். நான் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் அதனிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.