கூவுதோ எண்டு கேளுங்கோ

நேற்று மாலை மகளின் தலையைச் சமையலறைத் தரையோடு அழுத்திப் பிடித்திருந்தேன்.

வெடித்தது, எதிர்வீட்டுச் சீன மாணவி லின் புத்தாண்டுக்காகத் தன் வாசலில் தொங்கவிட்ட மின்சார வெடிச்சரம். ஜெர்மனியின் இந்த ஆஹென் நகரில் வேறென்ன வெடிக்கப்போகிறது? ஆனால் என் காது அங்கே இருக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் இராணுவ முகாமிலிருந்து ஷெல் கிளம்பும் சத்தம் கேட்டதும் அப்பா, "குத்திட்டான், படுங்கோ!" என்பார். முகத்தில் படும் சிமெந்துத் தரை மண்ணெண்ணெய் மணக்கும். "கூவுதோ எண்டு கேளுங்கோ. கூவினா எங்களைத் தாண்டிப் போகுது." கூவாவிட்டால் என்ன என்று அவர் சொன்னதில்லை. ஒருநாள் கூவவில்லை. பக்கத்து வீட்டுச் செல்வி அக்காவின் கொடியில் காய்ந்த சட்டை எங்கள் கிணற்றில் மிதந்தது.

"அம்மா, விடுங்கோ, நோகுது," என்றாள் மகள். "நியான் எண்டொரு மிருகம் வருஷக் கடைசியில ஆக்களைத் தின்ன வருமாம். சிவப்பைக் கண்டா, வெடி கேட்டா ஓடிடுமாம். லின் அக்கா எங்கட கதவிலயும் சிவப்புத் தாள் ஒட்டினவா."

"ஓம் பிள்ளை."

வெடிச்சரம் ஓய்ந்தது. படிக்கட்டில் யாரோ சிரித்தார்கள். அவள் எழும்பப் பார்த்தாள்.

"பொறு," என்றேன். "இன்னும் கூவேல்லை."